அமெச்சூர் வானொலி: பொழுதுபோக்கிலிருந்து பொறியியலுக்கு

தோட்டப்புறங்களில் வாழும் நமக்கு வானொலி புதிய பொருளன்று. பால் எடுத்து நிறுத்துவிட்டு, குளித்து முடித்து, லயத்து வாசலில் அமர்ந்து தமிழ் நிகழ்ச்சிகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர் நம்மிடையே இன்றும் உள்ளனர். செய்தியையும் பாட்டையும் நாடகத்தையும் நம் வீடு தேடிக் கொண்டு வந்தது அந்தப் பெட்டியே. ஆயினும், அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

திறந்து பார்க்கத் துணிபவன் பெரும்பாலும் வீட்டுச் சிறுவனே. தகப்பனார் வேலைக்குச் சென்ற நேரத்தில் திருப்புளி கொண்டு பெட்டியின் முதுகுப்பலகையைக் கழற்றி, உள்ளிருக்கும் கம்பிகளையும் வண்ணக் கோடிட்ட சிறு உறுப்புகளையும் வியப்போடு பார்த்துக்கொண்டிருப்பான். மீண்டும் பூட்டும்போது ஒரு திருகாணி மிஞ்சிவிடும், பெட்டி பாடாது. மாலையில் அவனுக்குப் பூசை விழும். எத்தனையோ லயங்களில் நாம் கண்ட காட்சி இது.

பொருளைக் கெடுத்த குற்றத்தைக் கண்டிப்பது முறையே. ஆனால் அறிந்துகொள்ள வேண்டும் என்ற அவனது ஆவலையும் சேர்த்து அடித்து அணைத்துவிடுகிறோமா என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். உலகின் தலைசிறந்த பொறியாளர் சிலர், இத்தகைய ஆவலிலிருந்து தோன்றியவர்களே. அவர்களுள் பலருக்கு முதற் பள்ளியாக விளங்கியது ‘அமெச்சூர் வானொலி’ என்னும் பொழுதுபோக்கு. அதைப் பற்றியே இம்மாதப் பாடத்தில் காண்போம்.

அமெச்சூர் வானொலி என்றால் என்ன?

நாம் நாள்தோறும் கேட்பது ஒலிபரப்பு வானொலி. அதில் ஒருவர் பேசுவார், இலட்சக்கணக்கானோர் கேட்பர், கேட்பவர் மறுமொழி கூற இயலாது. அமெச்சூர் வானொலியோ இருவழிப் பேச்சு. அரசாங்கத்திடம் தேர்வெழுதி உரிமம் பெற்ற ஒருவர், தம் வீட்டிலேயே சிறு நிலையம் அமைத்து, அவ்வாறே உரிமம் பெற்ற பிறருடன் வான்வழி உரையாடுவார். அடுத்த ஊரில் இருப்பவரோடும் பேசலாம். கடல் கடந்த நாட்டில் இருப்பவரோடும் பேசலாம். இவர்களை உலகெங்கும் ‘ஹாம்’ என்று சுருக்கமாக அழைப்பர்.

‘அமெச்சூர்’ என்றால் அரைகுறை என்று பொருள் கொள்ளலாகாது. கூலிக்காகவோ இலாபத்திற்காகவோ அன்றி, விருப்பத்திற்காகச் செய்பவர் என்பதே அதன் பொருள். இவ்வலைகளில் வாணிகம் பேசுதல் கூடாது. பாட்டு ஒலிபரப்புதல் கூடாது. இரகசிய மொழியில் செய்தி அனுப்புதலும் கூடாது. கருவிகளைச் சோதித்தல், அலைகளின் இயல்பை ஆராய்தல், நட்பை வளர்த்தல், இடர்க்காலத்தில் உதவுதல் ஆகியவையே இதன் நோக்கங்கள்.

ஒவ்வொரு நிலையத்திற்கும் உலகில் வேறெவருக்கும் இல்லாத ஓர் ‘அழைப்புக்குறி’ உண்டு. அதன் முன்னெழுத்துகளைக் கொண்டே நாட்டை அறிந்துகொள்ளலாம். மலேசியத் தீபகற்பத்து நிலையங்கள் 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கும். சபாவில் 6 என்ற எண்ணும், சரவாக்கில் 8 என்ற எண்ணும் வரும். இந்திய நிலையங்கள் ‘வி.யு.’ என்ற எழுத்துகளுடனும், இலங்கை நிலையங்கள் ‘4எஸ்’ என்றும் தொடங்கும். ஒருவரோடு முதன்முறை பேசியதும், அழைப்புக்குறி அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்றை அவருக்கு அனுப்புவது ஹாம்களின் வழக்கம். விடைபெறும்போது ‘73’ என்பார்கள். ‘என் அன்பு வணக்கம்’ என்பது அதன் பொருள்.

நம் நாட்டில் தொடக்கம்

மலேசிய வானொலியின் வரலாறே அமெச்சூர் ஆர்வலர்களிடமிருந்துதான் தொடங்குகிறது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1921ஆம் ஆண்டில் ஜொகூர் அரசாங்கத்தில் பணிபுரிந்த ஏ. எல். பர்ச் என்னும் மின் பொறியாளர், இந்நாட்டிற்கு முதல் வானொலிக் கருவியைக் கொண்டு வந்தார். அலுவலகத்தில் அவரது வேலை மின்சாரம்; மனம் நாடியதோ வானொலி. அவர் ஜொகூரில் வானொலி ஆர்வலர் சங்கம் ஒன்றை அமைத்து, 300 மீட்டர் அலைநீளத்தில் ஒலிபரப்பினார். அவரைப் பின்பற்றிப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அத்தகைய சங்கங்கள் தோன்றின.

பினாங்கு வானொலிச் சங்கம் 1934ஆம் ஆண்டில் ஜார்ஜ்டவுனிலிருந்து ‘இசட்.எச்.ஜே.’ என்ற அழைப்புக்குறியுடன் ஒலிபரப்பத் தொடங்கியது. துறைமுக நகரமாகிய பினாங்கில் பல இனத்தாரும் கலந்து வாழ்ந்தமையால், அதன் நிகழ்ச்சிகளும் பல மொழிகளில் அமைந்தன. தமிழும் அவற்றுள் ஒன்று. அரசாங்கத்தின் வானொலித் துறை முறையாக அமைந்ததோ 1946ஆம் ஆண்டில்தான். விரும்பிச் செய்தவர்கள் முன்னே நடந்து பாதை வகுத்தனர். அரசாங்கத் துறை பின்னே வந்து அதைப் பெருஞ்சாலையாக்கியது எனலாம்.

சென்னையில் ஒரு தமிழ்நாட்டுப் பொறியாளர்

கடலுக்கு அப்பால் சென்னையிலும் இதே கதையே நிகழ்ந்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்னும் பொறியாளர், நண்பர்களை ஒன்றுகூட்டி 1924ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் ‘சென்னை மாகாண வானொலிக் கழகம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் அக்கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் முதற் கருவியின் ஆற்றல் வெறும் 40 வாட். நம் வீட்டில் எரியும் ஒரு சிறு குண்டுவிளக்கின் அளவே. பின்னர் 200 வாட் கருவி வந்தது.

பணமின்மையால் அக்கழகம் 1927ஆம் ஆண்டில் ஒலிபரப்பை நிறுத்த நேர்ந்தது. பலர் இத்துடன் மனம் சோர்ந்திருப்பர். ஆனால் கழகத்தார் தம் கருவியைத் துருப்பிடிக்க விடவில்லை. சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தனர். மாநகராட்சி 1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் அன்றாட ஒலிபரப்பை நடத்தியது. 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும் வரை அது நீடித்தது. மூன்றே ஆண்டுகள் நடந்த ஒரு பொழுதுபோக்குக் கழகம், ஒரு மாகாணத்தின் வானொலிக்கே வித்தாக அமைந்தது. நல்ல முயற்சி நின்றுபோனாலும் வீண்போவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பனிப்புயல் காட்டிய வழி

இனி, ஒரு பொழுதுபோக்கு எவ்வாறு ஒரு மனிதரின் தொழிலாக வளர்ந்து, அத்தொழில் எவ்வாறு பினாங்குத் தீவின் வாழ்வையே மாற்றியது என்பதைக் காண்போம்.

ஜாக் கில்பி 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தவர். அவருடைய தந்தையார் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு சிறு மின்சார நிறுவனத்தை நடத்தி வந்தார். கில்பி உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில் கடும் பனிப்புயல் ஒன்று வீசியது. கம்பங்கள் சாய்ந்தன, மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. எந்த ஊரில் என்ன நிலை என்று அறிய முடியாத அந்நேரத்தில், தந்தையார் அமெச்சூர் வானொலியாளர்களின் உதவியை நாடினார். அவர்கள் வழியாகவே சிற்றூர்களின் நிலை தெரியவந்தது.

கண்ணுக்குத் தெரியாத அலை ஒன்று மக்களின் துன்பத்தைப் போக்கியதை நேரில் கண்ட அச்சிறுவன், அன்றே மின்னணுவியலில் உள்ளத்தைப் பறிகொடுத்தான். தானும் தேர்வெழுதி உரிமம் பெற்றான். பின்னாளில் பெரும் பொறியாளராக விளங்கிய அவர், தம் வாழ்வின் திருப்பம் அப்பனிப்புயலே என்று கூறியதுண்டு.

அவர் பாதையும் மலர்ப்பாதையாக இருக்கவில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர எழுதிய நுழைவுத் தேர்வில் மிகச் சில மதிப்பெண்களில் தவறினார். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பயில்கையில் இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. இராணுவத்தில் சேர்ந்த அவருக்கு, வடகிழக்கு இந்தியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அமைந்த முகாமில் வானொலி பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது. ஆம், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அப்பொறியாளர், நம்மைப் போன்றே ஒரு தோட்டத்து மண்ணில் உழைத்தவர்தாம்! போர் முடிந்து திரும்பி, 1947ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

1958ஆம் ஆண்டில் அவர் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அவ்வாண்டு கோடையில் உடன் பணிபுரிந்தோர் அனைவரும் விடுமுறையில் சென்றனர். புதிதாகச் சேர்ந்த கில்பிக்கு விடுமுறை இல்லை. ஆளில்லாத ஆய்வுக்கூடத்தில் தனித்திருந்து அவர் ஒரு சிக்கலைப் பற்றிச் சிந்தித்தார். அக்காலத்தில் ஒவ்வொரு மின்னணுக் கருவியிலும் நூற்றுக்கணக்கான உறுப்புகளைத் தனித்தனியே ஈயப் பற்றுவைத்து இணைக்க வேண்டியிருந்தது. ஒரே ஓர் இணைப்பு தளர்ந்தாலும் கருவி முழுவதும் நின்றுவிடும். ‘எல்லா உறுப்புகளையும் ஒரே துண்டுப் பொருளில் உருவாக்கினால் என்ன?’ என்று அவர் எண்ணினார். செப்டம்பர் 12ஆம் நாள், ஜெர்மேனியத் துண்டு ஒன்றில் அமைந்த தம் முதல் ஒருங்கிணைந்த மின்சுற்றை இயக்கிக் காட்டினார். அதுவே இன்று நாம் ‘சிப்’ எனவும் ‘சில்லு’ எனவும் அழைக்கும் பொருளின் தொடக்கம். அதற்காக 2000ஆம் ஆண்டில் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. 2005ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

அடுத்த ஆண்டே, 1959இல், ராபர்ட் நாய்ஸ் என்பார் சிலிக்கானைக் கொண்டு பெருமளவில் உற்பத்தி செய்வதற்கேற்ற சில்லின் அமைப்பைத் தனியே கண்டார். அவரும் கோர்டன் மூரும் 1968ஆம் ஆண்டில் நிறுவியதே இன்டெல் நிறுவனம். அந்நிறுவனம் 1972ஆம் ஆண்டில் பினாங்கில் தன் தொழிற்சாலையை அமைத்தது.

அக்காலப் பினாங்கின் நிலையை மூத்தோர் அறிவர். 1969ஆம் ஆண்டில் தீர்வையற்ற துறைமுகத் தகுதி நீக்கப்பட்டபின், வேலையின்மை அங்கே பெருந்துயராக இருந்தது. 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிக வட்டாரம் திறக்கப்பட்டது. நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்டு முதலிய நிறுவனங்கள் அங்கு வந்தன. பெரும்பாலும் இளம் பெண்களே உருப்பெருக்கியின் வழியாக நோக்கி, தலைமயிரினும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தனர். தோட்டத்துக் குடும்பங்களிலிருந்து சென்ற பெண்மக்களும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் அனுப்பிய சம்பளத்தில் தம்பி தங்கையர் படித்தனர், கூரைகள் புதுப்பிக்கப்பட்டன.

கன்சாஸில் ஒரு பனிப்புயலின்போது சிறுவன் ஒருவன் கேட்ட வானொலிக் குரலுக்கும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வாயிலில் நின்ற நம் பெண்ணின் சம்பள உறைக்கும் இத்தகைய தொடர்பு உண்டு. ஒரு பிள்ளையின் ஆவலை மதிப்பதால் விளையும் பயன் எங்கெங்கோ சென்று சேர்கிறது.

அலை எவ்வாறு செல்கிறது?

அமெச்சூர் வானொலியாளர் முதலில் கற்பது அலைநீளத்தின் கணக்கு. வானொலி அலை நொடிக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் விரைவில் செல்கிறது. அலை நொடிக்கு எத்தனை இலட்சம் தடவை அதிர்கிறது என்பதே அதன் அதிர்வெண். பத்து இலட்சம் அதிர்வுகள் ஒரு மெகாஹெர்ட்ஸ் ஆகும். 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். ஜொகூரில் பர்ச் பயன்படுத்திய 300 மீட்டர் அலை, ஒரு மெகாஹெர்ட்ஸ் அலையே என்பது இப்போது விளங்கும்.

ஹாம்கள் விரும்பும் அலைவரிசைகளுள் ஒன்று 7 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் ஏறத்தாழ 43 மீட்டர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 20 மீட்டர் நீளச் செப்புக்கம்பியை எடுத்து, நடுவில் வெட்டி, இரு பாதிகளையும் கருவியிலிருந்து வரும் இணைப்புக்கம்பியுடன் சேர்த்து, இரண்டு தென்னை மரங்களுக்கிடையே உயரக் கட்டினால் ஏரியல் ஆயத்தமாகிவிடும். விலை உயர்ந்த கோபுரம் வேண்டுவதில்லை.

இக்குறுஅலை நேர்க்கோட்டில் மட்டும் செல்வதில்லை. பூமிக்கு மேல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் முதல் சில நூறு கிலோமீட்டர் வரை, சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்று மண்டலம் உள்ளது. அலை அங்கு சென்று வளைந்து மீண்டும் மண்ணை நோக்கி வருகிறது. சில வேளைகளில் மண்ணிலிருந்தும் எழும்பி மீண்டும் செல்கிறது. குளத்து நீரில் தட்டையான ஓடு தத்தித் தத்திச் செல்வதை நாம் பார்த்திருக்கிறோம் அன்றோ? அதைப் போன்றதே இதுவும். இதனால்தான் பினாங்கில் எழும் ஒரு குரல் சென்னையிலும் தோக்கியோவிலும் கேட்கிறது.

பகலில் ஒரு வரிசை நன்றாக இருக்கும், இரவில் வேறொன்று. 7 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் தொலைதூரக் குரல்கள் இரவிலும், பொழுது புலரும் வேளையிலும் தெளிவாக வரும். பெரட்டுக்கு எழும் நேரத்தில் உலகின் மறுகோடியிலிருந்து வரும் குரலைக் கேட்கலாம் என்றால், வைகறைத் துயிலெழும் வழக்கமுடைய நமக்கு இப்பொழுதுபோக்கு பொருந்தியதே!

145 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண் அலைகள் அவ்வாறு வளைந்து திரும்புவதில்லை. அவை கண்பார்வை போல ஏறத்தாழ நேராகச் செல்வன. ஆகவே உயரம் இங்கு முக்கியம். 833 மீட்டர் உயரமுள்ள பினாங்குக் கொடிமலை போன்ற ஓரிடத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவரை நேர்ப்பார்வை கிட்டும். மலையுச்சியில் செய்தியை வாங்கி மீண்டும் அனுப்பும் நிலையங்களை அமைப்பதன் காரணம் இதுவே. கையடக்கக் கருவியுடன் தாழ்நிலத்தில் நிற்பவரும் அத்தகைய நிலையத்தின் துணையால் வெகுதூரம் பேச இயலும்.

மலேசியாவின் சிறு செயற்கைக்கோளாகிய தியோங்சாட்-1, 2000ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் விண்ணில் ஏவப்பட்டபோது, அமெச்சூர் வானொலிக்கான கருவியையும் உடன் கொண்டு சென்றது. மலையுச்சிக்குச் செய்த ஏற்பாட்டை விண்வெளிக்கும் செய்தனர் என்று கொள்ளலாம். 2007ஆம் ஆண்டு அக்டோபரில் அனைத்துலக விண்வெளி நிலையத்திற்குச் சென்ற நம் நாட்டு விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபார், அங்கிருந்து அமெச்சூர் வானொலி வழியாக மலேசிய மாணவர்களுடன் உரையாடினார்.

இடர்க்காலத்தில் துணை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை நாம் மறக்க முடியாது. அன்று எழுந்த ஆழிப்பேரலை நம் நாட்டில் 68 உயிர்களைக் கொண்டு சென்றது. அவர்களுள் 52 பேர் பினாங்கைச் சேர்ந்தோர். அதே அலை, நமக்கு வடமேற்கே உள்ள அந்தமான், நிக்கோபார் தீவுகளை இன்னும் கொடுமையாகத் தாக்கியது.

அந்நேரத்தில் அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேரில் இந்திய அமெச்சூர் வானொலியாளர் குழு ஒன்று தங்கியிருந்தது. பாரதி பிரசாத் என்னும் பெண்மணி அதற்குத் தலைமை தாங்கினார். பல ஆண்டுகளாக எந்த ஹாம் நிலையமும் இயங்காத அத்தீவிலிருந்து உலக நண்பர்களுடன் பேசுவதற்காக, அம்மாதத் தொடக்கத்தில்தான் அவர்கள் சென்றிருந்தனர். அன்று காலை நிலம் அதிர்ந்தது; தொலைபேசித் தொடர்பு அறுந்தது. பொழுதுபோக்கிற்காகக் கொண்டு சென்ற அதே கருவி, உயிர்காக்கும் கருவியாயிற்று. தீவிலிருந்த உறவினரின் நிலையறியாமல் தவித்த குடும்பங்களுக்கும், மீட்புப் பணியினருக்கும் அவர்கள் நாள்கணக்கில் செய்திகளைக் கொண்டு சேர்த்தனர்.

இங்கு ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கைத்தொலைபேசி நம் எல்லோரிடமும் இருக்கையில் இவ்வானொலி எதற்கு என்று சிலர் வினவுவர். கைத்தொலைபேசிக்குக் கோபுரம் வேண்டும். கோபுரத்திற்கு மின்சாரம் வேண்டும். நடுவே நிலையங்கள் பல வேண்டும். வெள்ளத்திலோ புயலிலோ அவற்றுள் ஒன்று வீழ்ந்தாலும் பேச்சு நின்றுவிடும். ஹாம் நிலையத்திற்கோ ஒரு கார் பேட்டரியும், ஒரு கம்பியும், பயின்ற ஒரு மனிதரும் போதும். கருவியை வாங்கிவிடலாம், பயிற்சியை இடர் வந்த அன்று வாங்க முடியாது. அது அமைதிக் காலத்தில், பொழுதுபோக்காகச் சேர்த்து வைக்க வேண்டிய செல்வம்.

நம் பிள்ளைகள் எவ்வாறு தொடங்கலாம்?

உரிமமின்றி எவரும் வானலையில் ஒலிபரப்பலாகாது. அது சட்டப்படி குற்றம். விமானம், காவல், மருத்துவம் ஆகிய பணிகளுக்குரிய அலைகளுக்கு இடையூறாகவும் முடியும். நம் நாட்டில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அமெச்சூர் வானொலித் தேர்வை நடத்துகிறது. சட்ட விதிகள், அடிப்படை மின்னியல் ஆகிய இரண்டிலும் வினாக்கள் வரும். தேர்ச்சி பெற்றோர் முதலில் ‘பி’ வகுப்பு உரிமம் பெறலாம். பின்னர் மேலும் தகுதி பெற்று ‘ஏ’ வகுப்பிற்கு உயரலாம். வயது, கட்டணம், தேர்வு நாள் ஆகியவற்றை ஆணையத்தின் அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்க. மலேசிய அமெச்சூர் வானொலியாளர்களின் சங்கமாகிய ‘மார்ட்ஸ்’ அமைப்பும், ஆங்காங்குள்ள ஹாம் குழுக்களும் புதியவர்களுக்கு வழிகாட்டுகின்றன.

உரிமம் பெறுமுன்னரே செய்யக்கூடியவை உண்டு. முதலாவது, கேட்டல். சாதாரண வானொலிப் பெட்டியில் ஹாம்களின் குரல் வாத்து கத்துவது போல் தெளிவின்றிக் கேட்கும். அதற்கென அமைந்த குறுஅலைப் பெட்டியில்தான் சொற்கள் விளங்கும். ஊரில் ஹாம் ஒருவர் இருந்தால் அவர் நிலையத்திற்குச் சென்று கேட்பது நன்று.

இரண்டாவது, மோர்ஸ் ஒலிக்குறி. இதற்கு வானொலியே வேண்டியதில்லை. ஒரு சிறு பேட்டரி, ஒலியெழுப்பும் ஒரு பஸர், அழுத்தும் பொத்தான், சில முழம் கம்பி ஆகியவை இருந்தால், அடுத்தடுத்த இரு வீட்டுப் பிள்ளைகள் தமக்குள் செய்தி அனுப்பிப் பழகலாம். தமிழ் எழுத்துகளில் குறில், நெடில் என இருப்பது போன்று, மோர்ஸிலும் குற்றொலி, நெட்டொலி என இரண்டே உண்டு. மூன்று குற்றொலி, மூன்று நெட்டொலி, மீண்டும் மூன்று குற்றொலி: உலகெங்கும் ‘ஆபத்து, உதவுங்கள்’ என்று உணர்த்தும் குறி இதுவே.

மூன்றாவது, கைவேலை. ஈயப் பற்றுவைப்பதில் சூடு மிகுந்தால் உறுப்பு கெடும். குறைந்தால் இணைப்பு பிடிக்காது. பால்மரம் சீவும் தோழர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? உளி ஆழமாகப் பட்டால் மரம் காயப்படும். மேலோட்டமாகப் பட்டால் பால் வடியாது. பட்டையின் கனத்தைக் கையாலேயே அளந்தறியும் அந்த நுட்பம் நம் குடும்பங்களில் தலைமுறையாக உள்ளது. அதே கைப்பக்குவத்தைப் பிள்ளைகள் மின்னணுவியலுக்குத் திருப்பினால் போதும்.

பாதுகாப்பைப் பற்றியும் சில சொற்கள். மின்சாரத்தில் இணைத்திருக்கையில் எந்தப் பெட்டியையும் திறக்கலாகாது. இணைப்பை நீக்கிய பின்னும் சில உறுப்புகளில் மின்சாரம் தங்கியிருக்கும். ஏரியல் கம்பியை மின்கம்பிகளின் அருகிலோ அவற்றிற்கு மேலாகவோ கட்டவே கூடாது. நம் நாட்டில் இடிமழை மிகுதி. வானம் கருக்கத் தொடங்கியதும் ஏரியல் இணைப்பைக் கருவியிலிருந்து கழற்றி வெளியே விட்டுவிட வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

இப்பொழுதுபோக்கால் எல்லாப் பிள்ளைகளும் கில்பியாகிவிடுவர் என்று நாம் கூறவில்லை. ஆனால் மின்சுற்றை வரைந்து புரிந்துகொள்ளப் பழகிய ஒரு பிள்ளைக்குத் தொழிற்பயிற்சிக் கழகத்தின் வாயிலோ, பல்தொழில் கல்லூரியின் வாயிலோ அந்நியமாகத் தோன்றாது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலில்தான் அமைந்துள்ளது. தோட்டங்கள் சூழ்ந்த வட்டாரம் அது. அங்கே பயில்வதும் எட்டாக் கனியன்று.

தொழில் கிடைத்த பின்னும் இவ்விருப்பம் துணைநிற்கும். அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் டெய்லர் சிறுவயதிலேயே ஹாம் ஆனவர். வானியலில் செய்த ஆராய்ச்சிக்காக 1993ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். அத்தகையவர், பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும், மிக மெலிந்த அலைகளையும் கணினியால் பிரித்தறியும் முறைகளை உலக ஹாம்களுக்காக ஆக்கி அளித்து வந்தார். தொழில் ஒருநாள் ஓய்வு தரும், விருப்பமோ ஓய்வதில்லை.

ஆகவே, அன்பார்ந்த பெற்றோர்களே! வீட்டு வானொலியைத் திறந்த பிள்ளையை அடிப்பதற்குக் கை ஓங்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். உள்ளே என்ன கண்டாய் என்று கேளுங்கள். பழுதாகி மூலையில் கிடக்கும் பழைய பெட்டி ஒன்றையும், ஒரு திருப்புளியையும் அவனுக்கென்றே ஒதுக்கிக் கொடுங்கள். பெண்பிள்ளையானாலும் அவ்வாறே கொடுங்கள். அந்தமானில் அன்று செய்தி அனுப்பிய கைகளும் ஒரு பெண்ணின் கைகளே. பள்ளி ஆசிரியரிடம் அழைத்துச் சென்று, இப்பிள்ளைக்கு இதில் ஆர்வம் உண்டு என்று ஒரு சொல் கூறுங்கள். மிஞ்சிய அந்த ஒரு திருகாணி எங்கே பொருந்தும் என்பதை அப்பிள்ளையே ஒருநாள் நமக்கு விளக்கிக் காட்டும்.